வெட்டாத வரை வெறும் துணி

தையல்காரர்கள் அதைப் பின் டக்கு என்பார்கள். எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குழாயடியில் ஒருத்தி, "நெஞ்சுப் பக்கம் கோடு கோடா மடிச்சி தெப்பாங்களே, அது" என்பாள். என் அம்மா வெள்ளானூர்க்காரி, கூலிக்கு நாற்று நட்டு எங்களை வளர்த்தவள். முதல் முறை அதைப் பார்த்தபோது துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னாடி இது, துணி மேல ஏர் ஓட்டிகீறா உன் நாத்தனா?" என்று கேட்டாள். இந்த வயது வரைக்கும் அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்றை ஒன்று தொடாமல், ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் ஓடும் சால்கள். என் வீட்டுக்காரரின் அக்கா மல் துணியில் ஓட்டின ஏர் அப்படித்தான் இருக்கும்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அறுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகிப் பட்டாபிராமுக்கு வந்தபோது அண்ணி ஏற்கனவே அந்த வீட்டில் இருந்தார். கட்டிக்கொடுத்த இடத்தில் குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். அண்ணியே எடுத்தால் உண்டு. "என்னை அளவு சரியில்லன்னு திருப்பிட்டாங்க கண்ணு" என்று, யாரோ திருப்பிக் கொடுத்த ரவிக்கையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பார். எதிரில் இருப்பவருக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கிற வேலை. நாள் முழுக்கக் காக்கி. அது விரலெல்லாம் சொரசொரப்பாக்கிவிடும். வேலை முடிந்து வந்து அக்கா தைப்பதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினால், "எட்ட நில்லு நைனா, உன் கை பட்டா நூலு புடிச்சிக்கும்" என்று அண்ணி விரட்டுவார். அவரும் எட்ட நின்றுகொண்டு, "நான் தெக்கிறது சண்டைக்குப் போவுது, எங்கக்கா தெக்கிறது தொட்டிலுக்குப் போவுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை. உண்மையும் அதுதான். அந்தப் பக்கத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட கையோடு அண்ணியிடம் துணியைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

எனக்குத் தையல் வராது. இன்றைக்கும் நான் தைத்த பொத்தான் ஒரு வாரத்தில் தொங்கும். எனக்கு அங்கே இருந்த வேலை, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது. அண்ணி மல் துணியின் ஓரத்தில் ஊசி முனையால் ஒற்றை இழையைக் கிளப்பி, அது அறுந்துவிடாமல் மெல்ல மெல்ல உருவுவார். இழை போன இடம் கோடு கிழித்ததுபோல் தெரியும். அந்தக் கோட்டில் துணியை மடித்து, மடிப்பின் விளிம்பை ஒட்டியே மிஷினை ஓட்டுவார். ஊசி அந்தண்டை நகர்ந்தால் மடிப்பு தடித்துவிடும், இந்தண்டை நகர்ந்தால் துணியை விட்டு வெளியே போய்விடும். ஒரு மடிப்பு முடிந்ததும் மிஷினை நிறுத்தி, இரண்டு நூலையும் உள்பக்கம் இழுத்துக் கையால் முடிச்சுப் போடுவார். மற்றவர்கள் மிஷினிலேயே முன்னும் பின்னும் ஓட்டி அடைத்துவிடுவார்கள். அண்ணிக்கு அது ஆகாது. அந்த இடம் கட்டியாகிவிடும், குழந்தையின் நெஞ்சில் குத்தும் என்பார். முடிச்சுக்குப் பிறகு ஓர் அரிசி நீளம் நூலை விட்டுத்தான் நறுக்குவார். கடைசியில் கட்டை விரல் நகத்தால் அந்த மடிப்பை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக நீவிவிடுவார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அந்த நகம் போகும் சத்தம், பக்கத்து அறையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும்.

இதில் முக்கியமானது, துணியை முதலில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் துணியை விழுங்கிவிடும். அளவு பார்த்து வெட்டிவிட்டு மடிப்புப் பிடித்தால், சட்டை பொம்மைக்குத்தான் ஆகும். அதனால் முழுத் துணியில் மடிப்பெல்லாம் தைத்து, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, அதற்குப் பிறகுதான் கத்தரியை எடுப்பார். யாராவது வந்து, கழுத்து இப்படி வேண்டாம், கை அப்படி வேண்டாம் என்று மனசு மாறி நின்றால் அண்ணி கோபித்துக்கொள்ளவே மாட்டார். "வெட்டலையே. வெட்டாத வரைக்கும் வெறும் துணிதான்" என்பார். அது அவருடைய வாய்ப்பேச்சாகவே ஆகிவிட்டது. சோறு வடிக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்தால்கூட, "வெட்டலையே" என்பார்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து நான் உண்டானேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்குத் துணி தைக்க மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். வருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கிறது என்று தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று பயம். பிறந்த பிள்ளையை நைந்துபோன பழைய வேட்டியில்தான் வாங்குவார்கள். புதுத் துணியெல்லாம் முப்பதுக்குப் பிறகுதான். அண்ணிக்கு இதெல்லாம் தெரியாதா? அவரை உட்காரவைக்காத சடங்கு இல்லை, சுற்றவைக்காத மரம் இல்லை. எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். வெள்ளை மல், புதுசு, கஞ்சி வாசனைகூடப் போகவில்லை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னா பாக்கற? இது துணி. வெட்டாத வரைக்கும் வெறும் துணிதான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கோ போக்குக் காட்டிவிட்டதுபோல இருந்தது. அதற்குப் பிறகு ஊரார் துணியெல்லாம் தைத்து முடித்து, மிஷின் சும்மா இருக்கும் வேளையில் அந்த வெள்ளைத் துணியை எடுப்பார். ஒரு நாளைக்கு ஒரு மடிப்போ இரண்டு மடிப்போதான். நான் வெள்ளானூருக்குப் பிரசவத்துக்குக் கிளம்பும்போது அந்தத் துணியில் ஜப்லா என்கிற கைக்குழந்தைச் சட்டையின் நெஞ்சுக்கு வேண்டிய மடிப்பெல்லாம் முடிந்திருந்தது. நகத்தால் நீவி, இஸ்திரி போட்டு, மிஷின் மேஜையின் இழுப்பறையில் வைத்திருந்தார். வெட்டவில்லை. போகும்போது இழுப்பறையைத் திறந்து எனக்குக் காட்டி, "பாத்துக்கோ, துணியாத்தான் கீது" என்றார். பிறந்தது என்று சேதி வந்த நிமிஷம் வெட்டி, முப்பதுக்குள் தைத்து முடித்துவிடுவது என்று அவர் கணக்கு.

எனக்கு வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில். அம்மா தெருவில் ஒருவரை சைக்கிளில் பட்டாபிராமுக்கு அனுப்பினாள். அவர் போனபோது என் வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். வீட்டில் அண்ணி மட்டும். வலி எடுத்துவிட்டது என்று சைக்கிளில் போனவர் வாசலிலேயே சொல்லிவிட்டு, ஆவடிக்குத் தகவல் சொல்லப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணி என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். உலையில் போட அரிசியை முறத்தில் எடுத்து வைத்திருந்தாராம். அதை அப்படியே விட்டுவிட்டு இழுப்பறையைத் திறந்தாராம். வலி வந்துவிட்டது, இனி என்ன, வந்ததுபோலத்தான் என்று தோன்றியதாம். கையோடு கொண்டுபோய்விட்டால் பிள்ளையைப் பார்த்த கண்ணோடு அளவும் பார்த்துவிடலாம் என்று தோன்றியதாம். கத்தரியை எடுத்துவிட்டார். கழுத்து வெட்டி, தோள் சேர்த்து, கட்டிக்கொள்ள நாடா வைத்து, என் வீட்டுக்காரர் வந்து சேர்வதற்குள் ஜப்லா தயார். ஒயர் கூடையில் ஒரு பிளாஸ்க், வெற்றிலைப் பொட்டலம், அடியில் அது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. குழந்தை பிறந்திருந்தது. பெண். அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், தண்ணீர் தெளித்தாள். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. நான் படுத்த இடத்திலிருந்து அந்தக் கால்களை மட்டும் பார்த்தேன். மிகவும் நீளமான விரல்கள், என் வீட்டுக்காரர் வீட்டுச் சாயல்.

அண்ணி கொண்டுவந்த பிளாஸ்க்கிலிருந்து எனக்கு ஏதாவது சூடாகக் கொடுக்கலாம் என்று அம்மா கூடைக்குள் கையை விட்டாள். பிளாஸ்க்கோடு ஜப்லாவும் வந்தது. அம்மா அதை விரித்துப் பார்த்தாள். அந்த மடிப்புகளை அவளுக்குத் தெரியும், அவள்தானே அதற்குப் பெயர் வைத்தவள்.

"எப்ப தெச்ச இத?"

அண்ணி பொய் சொல்லியிருக்கலாம். வேறு வீட்டுக் குழந்தையுடையது, வழியில் கொடுக்க எடுத்து வந்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "வலி எடுத்துகிச்சின்னு சொன்னாங்கோ. அப்பறம்தான் வெட்டுனேன்" என்றார்.

"பொறந்துச்சின்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"ஒரு மூச்சு பொறுத்துகினு இருக்கக் கூடாதாம்மா" என்றாள் என் அம்மா. கத்தவில்லை. திட்டினால்கூடப் பதில் பேசலாம். அம்மா அதைக் கெஞ்சுவதுபோலக் கேட்டாள். அவளும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். தப்பு எங்கே என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு, அவ்வளவுதான். அண்ணி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் அம்மாவின் கையிலிருந்து ஜப்லாவை வாங்கிக்கொண்டார். ஏரிக்கரைப் பக்கம் குழந்தையை எடுத்துக்கொண்டு போன ஆண்களோடு அவரும் போனார். திரும்பி வந்தபோது கையில் எதுவும் இல்லை. ஜப்லா எங்கே என்று அண்ணி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து, நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் இருந்தபோது, அவராகவே சொன்னார். குழந்தைக்குப் போட்டுவிட்டுத்தான் குழியில் வைத்தாராம். "அளவு சரியா இருந்துச்சி" என்றார்.

நான் உடம்பு தேறிப் பட்டாபிராமுக்குத் திரும்பினேன். என்னைக் கேட்டால், எனக்கு அண்ணி மேல் ஒரு நாளும் மனசு கசந்ததில்லை. கொடி சுற்றியதற்குக் கத்தரி என்ன செய்யும்? அவரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். மருத்துவச்சி சொன்னதை அப்படியே சொல்வேன். சரி சரி என்று தலையாட்டுவார். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "கொடி எப்ப சுத்திச்சி கண்ணு? நான் வெட்டுனப்பவா?" என்று கேட்டார். நேரம் பார்த்து வைத்தவர்கள் யார்? தெரியாது என்றேன். இல்லை என்றே சொல்லியிருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது. அப்படிச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

சேதி எப்படியோ வெள்ளானூரிலிருந்து எங்கள் குழாயடிக்கு வந்து சேர்ந்தது. முகத்துக்கு நேராக ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். குழந்தைத் துணி வருவது நின்றது. பெரியவர்கள் ரவிக்கை, உள்பாவாடை எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. முன்னமே துணி கொடுத்திருந்த ஒருத்தி, அவசரமில்லை, அப்புறம் தைத்துக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். அண்ணி அவள் சொல்லி முடிப்பதற்குள் துணியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். "வெறும் துணிதானே, எடுத்துகினு போ" என்றார். அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் கடைசி.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்கு உடுப்பு தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. எங்கள் தெருவிலிருந்து போன பெண்களோடு அண்ணியும் போய்ச் சேர்ந்தார். டிபன் டப்பாவைத் துணியில் கட்டிக்கொண்டு காலை ரயிலுக்கு ஓடுவார். ரயில் அவருக்கு நல்லது செய்தது. பழைய குறும்புப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கூட்டத்தில் மடங்கி மடங்கி நிற்பதை, "எங்கள டக்கு புடிச்சில்ல ஏத்துறான்" என்பார்.

அந்தக் கம்பெனியில் அவர் தைத்தது குழந்தைகளின் கவுன். நெஞ்சு முழுக்கப் பின் டக்கு. அவர் கையைப் பார்த்துவிட்டு, மடிப்பு வேலைக்கென்றே உட்கார வைத்துவிட்டார்கள். முடிச்சுப் போட்டு நேரத்தைக் கெடுக்கிறாய் என்று மேஸ்திரி ஏசுவாராம், இவர் கேட்பதில்லையாம். எனக்கு இதைக் கேட்டபோது ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடக்கூடக் கை வைக்காதவர், அங்கே மட்டும் எப்படித் தைக்கிறார்? கேட்டேவிட்டேன்.

"அது எந்தக் கொழந்தைக்குன்னு எனக்குத் தெரியாது கண்ணு. அதுக்கும் யாரு தெச்சான்னு தெரியாது. எங்கியோ போயி நல்லா இருக்கும்."

நான் மறுபடியும் உண்டானபோது அண்ணிக்குச் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருந்தது. சொன்னதும் என் கன்னத்தைத் தொட்டுச் சந்தோஷப்பட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்தரியை ஒரு பழந்துணியில் சுற்றிக்கொண்டு, கம்பெனித் தோழி ஒருத்தியோடு அம்பத்தூரில் தங்கப் போய்விட்டார். ரயில் அலைச்சல் உடம்புக்கு ஆகவில்லை என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டார். வாசலில் அவர் என்ன காரணம் சொன்னாலும், கத்தரி ஏன் போகிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ரயிலடி வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுவந்து, வெகு நேரம் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

இந்த முறையும் பெண். வெளியே வந்ததும் ஊரைக் கூட்டினாள். அண்ணி முப்பது கழித்துத்தான் வந்தார். கடையில் வாங்கின உடுப்பு ஒன்றைக் கவரோடு கொடுத்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, காலை மட்டும் வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் அன்றைக்கு அந்த விரல்களைப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கெஞ்சிக் கேட்டு அவரை மறுபடி வீட்டுக்கே கூட்டிவந்தோம். கம்பெனிக்கு முன்போல ரயிலில் போய்வந்தார். கத்தரி அம்பத்தூரிலேயே இருந்துவிட்டது.

மகள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து அத்தையின் முந்தானையை விடவில்லை. சோறு அத்தை கையால், தூக்கம் அத்தை மடியில். பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, அத்தை ஏன் எனக்குக் கவுன் தைப்பதில்லை என்பது. அண்ணி ஏதேதோ சாக்குச் சொல்வார். மிஷினுக்குச் சளி பிடித்திருக்கிறது என்பார், ஊசி ஊருக்குப் போயிருக்கிறது என்பார். குழந்தை நம்பிக்கொண்டு, மிஷினுக்குக் கஷாயம் கொடுக்கலாமா என்று கேட்கும். அண்ணியும் சிரிப்பார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வருஷம், ஒரு சனிக்கிழமை ஏதோ வேலையாக அம்பத்தூருக்குப் போயிருந்தேன். எஸ்டேட் பஸ் நிற்கும் இடத்தில் கம்பெனிகள் கழித்துவிட்ட உடுப்புகளைத் தார்ப்பாயில் குவித்து விற்பார்கள். ஒன்றில் கறை இருக்கும், ஒன்றில் கை நீளம் கோணியிருக்கும். நாலு பேரோடு நானும் குனிந்து கிளறினேன். வெள்ளைக் கவுன் ஒன்று கையில் வந்தது. கீழ் மடிப்பில் எண்ணெய்க் கறை. நெஞ்சு முழுக்க ஏர் ஓட்டியிருந்தது.

உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு மடிப்பின் முனையிலும் கையால் போட்ட முடிச்சு. முடிச்சுக்கு அப்பால் அரிசி நீளம் நூல்.

எனக்குத் தையல் வராது என்றாலும் இத்தனை வருஷம் மறுமுனையைப் பிடித்தவளுக்கு அது யார் கை என்று தெரியாமல் போகுமா? வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். திருநின்றவூர் வரைக்கும் போகும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, காட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். காட்டாமல் மகளுக்குப் போட்டுவிட்டால் ஒரு நாள் துவைக்கிற இடத்தில் அவராகவே பார்த்துவிடுவார். அது அதைவிட மோசம்.

வீட்டுக்கு வந்து கவுனை அண்ணியின் மடியில் வைத்தேன். கழித்த துணியில் வாங்கினேன், இவளுக்குப் போடலாமா என்று மட்டும் கேட்டேன்.

அண்ணி கவுனைத் திருப்பினார். முடிச்சுகளைப் பார்த்தார். ஒன்றை விரலால் தொட்டார், பிறகு அடுத்ததை. மகள் அவர் தோளில் தொங்கிக்கொண்டு, "எனக்கா? எனக்கா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது என் கை இல்ல கண்ணு" என்றார். "வேற யாரோ தெச்சிகீறாங்கோ. போடு, ஒண்ணும் ஆவாது."

"சரிங்க அண்ணி" என்றேன்.

மகளை அவரே முன்னால் நிறுத்திக் கவுனைத் தலைவழியே மாட்டிவிட்டார். பின்பக்கத்துப் பொத்தானைப் போட்டார். தோள் இரண்டையும் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பினார். குவியலில் கிடந்து கசங்கியதில் நெஞ்சு மடிப்புகள் திசைக்கு ஒன்றாக எழுந்து நின்றிருந்தன. அண்ணி கட்டை விரல் நகத்தை வைத்து முதல் மடிப்பை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக நீவினார். பிறகு அடுத்ததை. மகளுக்குக் கூச்சமாக இருந்தது, நெளிந்து நெளிந்து சிரித்தாள். ஆடாதே என்று அதட்டிக்கொண்டே ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் படுக்கவைத்தார். அந்தச் சத்தத்தை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.